ஏலக்காய்க்கு ஒரு நியாயம், எங்க ஊர்ப் புள்ளைக்கு ஒரு நியாயமா?

போன மாசம் ஒரு தப்பு பண்ணிட்டேன். சின்னத் தப்பு தான். ஒரு கட்டத்துக்குள்ள ஒரு நம்பர் எழுதுனேன், அவ்வளவு தான். ஆனா ராத்திரி படுத்தா அந்த நம்பர் கண்ணு முன்னாடி வந்து நிக்குது. எங்கயாவது கொட்டித் தீர்த்தாத் தான் சரியாகும் போல. அதான் இந்தப் பதிவு. வழக்கம் போல நீளம் தான். பொறுத்துக்கங்க மக்களே.

முதல்ல ஊரைப் பத்தி. எனக்குப் பொட்டிபுரம். போடிநாயக்கனூர்ப் பக்கம், மேற்கு மலை அடிவாரம். சென்னையில யார்கிட்டயாவது சொன்னா முழிப்பாங்க. கொஞ்சம் பேப்பர் படிக்கிறவங்க மட்டும் "ஓ, நியூட்ரினோ ஊரா?"ன்னு கேப்பாங்க. ஆமா, 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை சுமார் 1500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்து, அப்புறம் எதிர்ப்பு, வழக்குன்னு போய், 2022-ல தமிழக அரசே சுப்ரீம் கோர்ட்டுல "அனுமதிக்க முடியாது"ன்னு சொன்ன அதே ஊர். அது வேணுமா வேணாமாங்குறது தனிச் சண்டை, இன்னைக்கு வேணாம்.

எங்க பக்கம் நிறையக் குடும்பத்துக்குச் சோறு போடுறது ஏலக்காய். விடியறதுக்கு முன்னாடி ஜீப் பிடிச்சு போடிமெட்டு வழியா இடுக்கிப் பக்கத்து எஸ்டேட்டுக்குப் போறவங்க ஒரு கூட்டம். போடி குடோன்கள்ல உக்காந்து காய் பொறுக்குற பொம்பளைங்க இன்னொரு கூட்டம். எங்கம்மா ரெண்டாவது கூட்டம். நான் படிச்சது, இன்னைக்கு ஏ.சி. ரூம்ல உக்காந்து கோட் எழுதுறது எல்லாமே அவங்க விரல் நுனியில இருந்து வந்தது தான்.

ஏலக்காயை எப்படித் தரம் பிரிப்பாங்கன்னு தெரியுமா? நிறம் பாப்பாங்க, உண்மை தான். பச்சை குறையாம இருக்கணும். வெடிச்ச காய், வெளுத்த காய் தனியாப் போகும். ஆனா அதோட முடியாது. சல்லடையில போட்டு எத்தனை மில்லிமீட்டர்னு பாப்பாங்க. லிட்டர் எடை போடுவாங்க. ஒரு லிட்டர் அளவுக்குக் காயை நிரப்பினா எத்தனை கிராம் நிக்குதுன்னு கணக்கு. 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட்'னு பேர் வாங்கணும்னா 7 மில்லிமீட்டர் சைஸ், லிட்டருக்கு 435 கிராம் எடை இருக்கணும். எதுக்கு லிட்டர் எடை? வெளிய தளதளன்னு இருக்குற காய் உள்ள காலியா இருக்கலாம். அதைக் கண்ணு கண்டுபிடிக்காது, தராசு கண்டுபிடிச்சிரும். அப்புறம் ஏலத்துல வியாபாரிங்க சாம்பிள் காயை உரிச்சு, உள்ள ஏலரிசி எப்படி இருக்குன்னு பாத்து, மோந்து பாத்துட்டுத் தான் விலை சொல்லுவாங்க.

சரி, இப்ப என் தப்புக்கு வரேன்.

நான் சென்னையில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில இருக்கேன். பேர் வேணாம். போன மாசம் புதுசா ஆள் எடுக்குற இண்டர்வியூ பேனல்ல என்னையும் உக்கார வெச்சாங்க. ஸ்கோர் ஷீட்ல அஞ்சு கட்டம். புரோகிராமிங், டேட்டாபேஸ், பிரச்சனையைத் தீர்க்குற திறன், கம்யூனிகேஷன், கடைசியா 'பெர்சனாலிட்டி'. ஒவ்வொண்ணுக்கும் 10 மார்க். மொத்தம் 50. முப்பத்தஞ்சு எடுத்தா அடுத்த ரவுண்டு.

ஒரு பொண்ணு வந்துச்சு. தேனி மாவட்டம்னு பயோடேட்டாவுல பாத்ததும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். குடும்பத்துல முதல் பட்டதாரி. கருப்பு, குள்ளம், முன் பல் ரெண்டும் எத்தலா இருக்கும். பேசும்போதெல்லாம் கையை வாய்கிட்டக் கொண்டு போய் மறைச்சுக்கிட்டே பேசுச்சு. சின்ன வயசுல இருந்து யார் யாரோ சொல்லிச் சொல்லி வந்த பழக்கமா இருக்கும்.

நாங்க எல்லாருக்கும் ஒரே கணக்கு தான் கொடுத்தோம். ஒரு ரிப்போர்ட் பக்கம் திறக்க 40 நொடி ஆகுது, ஏன்னு கண்டுபிடி. நிறையப் பேர் "சர்வர் பெருசு பண்ணலாம் சார்"னு ஆரம்பிச்சாங்க. இந்தப் பொண்ணு முதல்ல கேட்ட கேள்வி, "இந்த டேபிள்ல எத்தனை வரி இருக்கு சார்?" அடுத்த ரெண்டு நிமிஷத்துல, "லூப்புக்குள்ள ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியா டேட்டாபேஸ்கிட்ட போய்க் கேக்குது சார். எல்லாத்தையும் ஒரே தடவை கேட்டா போதும்". சரியான விடை. எங்க டீம்ல மூணு வருஷ அனுபவம் உள்ள ஆளுங்களே சில நேரம் கோட்டை விடுற இடம் அது.

முதல் நாலு கட்டத்துல மொத்தம் 29 போட்டோம். அஞ்சாவது கட்டம் வந்துச்சு. பக்கத்துல இருந்த ஹெச்.ஆர். மெதுவா, "கிளையண்ட் கால் எல்லாம் வீடியோவுல வரும்ல... கொஞ்சம் யோசிங்க"ன்னாங்க. நான் யோசிச்சேன். 4 போட்டேன். மொத்தம் 33. அவுட்.

அடுத்து ஒரு பையன் வந்தான். நல்ல உயரம், நல்ல செவப்பு, சிரிச்ச முகம். முதல் நாலு கட்டத்துல 27. பெர்சனாலிட்டிக்கு 9. மொத்தம் 36. உள்ளே. அந்தப் பையன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை. அவன் யாரையும் ஏமாத்தல. 29 எடுத்த புள்ளையை வெளிய அனுப்பி, 27 எடுத்தவனை உள்ள விட்டது நான் தான். அதுவும் நானே கருப்பு, நானே அந்த மண்ணு.

அந்த வாரக் கடைசியில போடி டிரெயின் ஏறி ஊருக்குப் போனேன். (2010 கடைசியில அகலப்பாதை வேலைக்குன்னு நிறுத்துன ரயில், 2023 ஜூன்ல தான் போடிக்குத் திரும்ப வந்துச்சு. காலேஜ் காலம் முழுக்க பஸ்ல குலுங்குன எங்களுக்குத் தான் அதோட அருமை தெரியும்.) சாப்பிடும்போது அம்மாகிட்ட இதைச் சொன்னேன். அம்மா பெருசா ஒண்ணும் சொல்லல. "காயைக் கூட உரிச்சுப் பாத்துத் தான்டா எடுப்பாக. நீ என்னத்தப் பாத்த?"ன்னு கேட்டுட்டு, ரசத்தை ஊத்திட்டுப் போயிட்டாங்க.

நான் என்னத்தப் பாத்தேன்? பல்லைப் பாத்தேன்.

இனிமே கொஞ்சம் சூடாப் பேசுறேன். ஹெச்.ஆர். நண்பர்கள் கோவிச்சுக்காதீங்க. கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை.

இது புது வியாதி கிடையாது. 1920-லயே தார்ன்டைக்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர் இதைப் பிடிச்சுட்டார். ராணுவத்துல மேலதிகாரிங்க தங்களுக்குக் கீழ இருக்குறவங்களுக்குப் போட்ட மார்க்கை எடுத்துப் பாத்திருக்கார். உடல்வாகு, புத்தி, தலைமைப் பண்பு, குணம்னு தனித்தனியா மார்க் போடச் சொன்னா, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே வருது. ஆள் வாட்டசாட்டமா இருந்தா புத்தியும் இருக்கும், குணமும் இருக்கும்னு கையே தானா மார்க் போட்டுருது. 'ஹேலோ எஃபெக்ட்'னு இன்னைக்கு எம்.பி.ஏ. புத்தகத்துல எல்லாம் இருக்கு. பரீட்சைக்கு அதைப் படிச்சுப் பாஸ் பண்ணிட்டு வந்து தான் பெர்சனாலிட்டி கட்டத்தைப் போட்டு வெச்சிருக்காங்க. என்னத்தச் சொல்ல.

1994-ல ஹாமர்மெஷ், பிடில்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் அமெரிக்கா, கனடாவுல எடுத்த கணக்கெடுப்புகளை வெச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. பாக்கச் சுமாரா இருக்குறவங்களுக்குச் சம்பளத்துல 5-ல இருந்து 10 சதவீதம் வரைக்கும் அடி விழுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அழகா இருக்குறவங்களுக்குக் கிடைக்கிற லாபத்தை விட, அழகு இல்லாதவங்களுக்கு விழுற அபராதம் கொஞ்சம் அதிகம். அபராதம்னா என்ன குத்தம் பண்ணாங்கன்னு கேக்கக்கூடாது. பொறந்தது தான் குத்தம்.

நம்ம ஊர்ல இந்த அபராதத்தை வெச்சு வியாபாரமே நடந்துச்சு. ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல வந்தது. ஞாபகம் இருக்கா, ஒரு விளம்பரம்? கருப்பா இருக்குற பொண்ணு, "ஒரு பையன் இருந்திருந்தா..."ன்னு ஏங்குற அப்பா. பொண்ணு கிரீம் பூசுவா, செவப்பாவா, விமானப் பணிப்பெண் ஆயிருவா, வீட்டுக் கஷ்டம் தீர்ந்துரும். மூளையைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் விடாமப் போராடி, 2003-ல அது நின்னுச்சு. கருப்பா இருந்தா வேலை கிடைக்காது, கல்யாணம் நடக்காதுன்னு காட்டக் கூடாதுன்னு விளம்பரத் தர கவுன்சில் விதி போட்டது 2014-ல. 2020-ல கிரீம் பேரையே 'குளோ அண்ட் லவ்லி'ன்னு மாத்திட்டாங்க. டப்பாவுல பேர் மாறிடுச்சு. என் ஸ்கோர் ஷீட்ல அஞ்சாவது கட்டம் மாறல.

"அதெல்லாம் கீழ்மட்டத்துல தான், திறமையைக் காட்டி மேல போயிட்டா யாரும் நிறம் பாக்க மாட்டாங்க"ன்னு ஒரு ஆறுதல் சொல்லுவாங்க. போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்குனா கேரளா. அந்த மாநிலத்தோட தலைமைச் செயலாளரா இருந்தவங்க சாரதா முரளீதரன். அவங்களுக்கு முன்னாடி அதே நாற்காலியில இருந்தது அவங்க கணவர் வேணு. 2025 மார்ச்ல அவங்க முகநூல்ல ஒரு விஷயம் எழுதுனாங்க. கணவரோட நிர்வாகம் எவ்வளவு வெள்ளையோ, இவங்க நிர்வாகம் அவ்வளவு கருப்புன்னு ஒரு ஆள் சொன்னாராம். நாலு வயசுல அவங்கம்மாகிட்ட, என்னைத் திரும்ப வயித்துக்குள்ள வெச்சு வெள்ளையாப் பெத்துத் தர முடியுமான்னு கேட்டதையும் எழுதியிருந்தாங்க. ஒரு மாநிலத்தோட மொத்த அரசு ஊழியர்களுக்கும் தலைவி. 1990-ல ஐ.ஏ.எஸ். ஆனவங்க. அவங்களுக்கே இந்தக் கதின்னா, ஏலக்காய் மலையில இருந்து பஸ் ஏறி வர்ற புள்ளைக்கு என்ன கதி?

இப்ப வழக்கமா வர்ற எதிர்வாதங்களுக்கு வருவோம்.

ஒண்ணு. "ஆள் பாதி ஆடை பாதி." சரிங்க. ஆள் பாதி, ஆடை பாதின்னா மூளைக்கு எவ்வளவு? :) சுத்தமா வரணும், சட்டையைத் தேச்சுப் போடணும், நேரத்துக்கு வரணும்னு எதிர்பாக்குறதுல எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அது நம்ம கையில இருக்கு. பல் எத்தல், உயரம், தோல் நிறம், பரு தழும்பு, வெண்புள்ளி, வழுக்கை இதெல்லாம் கையில இருக்கா? ரெண்டையும் ஒரே கட்டத்துல போட்டுக் குழப்பி 'பிரசண்டபிள்'னு ஒரு வார்த்தையால மூடுறது தான் பித்தலாட்டம்.

இன்னொண்ணையும் சொல்லணும். பாதி அழகு காசு. பல்லுக்குக் கம்பி கட்டுறது காசு. தோல் டாக்டர் காசு. வெயில்ல நிக்காம வளர்றது அதை விடப் பெரிய காசு. நல்லாச் சாப்பிட்டு வளர்ந்தா உயரமும் கூடும். பேனல்ல உக்காந்து 'நல்ல பெர்சனாலிட்டி'ன்னு நாம எழுதுறது பாதி நேரம் அவங்க அப்பாவோட பேங்க் பாஸ்புக்கைப் பாத்துத் தான். சில பேர் அதுக்கும் மேல போய், முகத்தைப் பாத்தே எந்த ஊர், என்ன ஆளுங்கன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிருவாங்க. வாய்விட்டு சாதி கேட்டாத் தப்புன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால அந்தக் கேள்வியைக் கண்ணு கேட்டுக்குது.

ரெண்டு. "கிளையண்ட் எதிர்பாக்குறாங்க." எந்த கிளையண்ட்? எங்க கிளையண்ட் இதுவரைக்கும் ஒரு தடவை கூட "உங்க இன்ஜினியர் பல்லு சரியில்லை"ன்னு டிக்கெட் போட்டதில்லை. "ரிப்போர்ட் லேட் ஆகுது"ன்னு தான் போடுறான். அதைச் சரி பண்ணத் தெரிஞ்ச புள்ளையைத் தான் நான் வெளிய அனுப்புனேன். விமானக் கம்பெனி கூட இதே பாட்டைத் தான் பாடுச்சு. எடை கூடிருச்சுன்னு 2009-ல ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களை வேலையை விட்டே தூக்குச்சு. அவங்களாவது உடல்தகுதி, பயணிகள் பாதுகாப்புன்னு ஒரு காரணம் சொன்னாங்க. அந்தக் காரணம் சரியா தப்பான்னு சண்டை போடவாவது முடிஞ்சுது. கீபோர்டு தட்டுற வேலைக்கு என்ன பாதுகாப்பு? கோட் பாத்து மானிட்டர் பயந்துருமா?

மூணு. "அப்ப அவங்களும் கொஞ்சம் முன்னேத்திக்கலாமே, கிரீம், மேக்கப்..." இதுக்குப் பதில் எங்க ஊர் ஏலக்காய்கிட்ட இருக்கு. பச்சையா இருந்தாத் தான் விலைன்னு ஆனதும் என்ன ஆச்சு? காய்க்குச் சாயம் ஏத்துறவங்க கிளம்பி வந்தாங்க. இப்ப சாயம் இருக்கான்னு சாம்பிள் எடுத்துச் சோதிக்கிற தலைவலி. நல்ல மணமுள்ள காய் கொஞ்சம் வெளுத்து இருந்ததால கீழ போச்சு, சாயக் காய் மேல வந்துச்சு. எதைப் பாத்து எடுக்குறோமோ அதைத் தான் ஊரு தயார் பண்ணிக் கொடுக்கும். என் காலேஜ்ல பிளேஸ்மெண்ட் டிரெயினிங்னு ஒரு வாரம் நடத்துனாங்க. அதுல ஒரு முழு நாள் 'குரூமிங்'. பசங்களுக்கு டை கட்டுறது, பொண்ணுங்களுக்கு 'லைட் மேக்கப்'. டேட்டாபேஸுக்கு ஒதுக்குனது அரை நாள். சாயம் ஏத்துற வேலையை வாத்தியாருங்களே பண்ண வேண்டியதாப் போச்சு. அவங்களைக் குத்தம் சொல்லல, ஏலம் எடுக்க வர்றவன் அப்படி இருக்கான்.

சரி, சட்டம் என்ன சொல்லுது? அரசியல் சாசனத்தோட 16-வது பிரிவு அரசு வேலையில மதம், இனம், சாதி, பாலினம், வம்சம், பிறந்த இடம், வசிக்கும் இடம்னு வரிசையாச் சொல்லி, இதை வெச்சுப் பாகுபாடு காட்டக் கூடாதுங்குது. அந்த வரிசையில தோற்றம் கிடையாது. அதுவும் அரசு வேலைக்கு மட்டும். தனியார் கம்பெனியில ஒருத்தரோட மூஞ்சி பிடிக்கலன்னு அனுப்புனா கேக்க நாதி இல்லை. இதெல்லாம் சட்டம் போட முடியாத விஷயம்னு நினைக்காதீங்க. பிரான்ஸ்ல 2001-ல உடல் தோற்றத்தை வெச்சு வேலையில பாகுபாடு காட்டக் கூடாதுன்னு சட்டத்துலயே சேத்துட்டாங்க. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல உயரம், எடையை வெச்சுப் பாகுபாடு காட்டத் தடை 1976-ல இருந்தே இருக்கு. நியூயார்க் நகரம் 2023-ல அதே மாதிரி சட்டம் போட்டுச்சு.

நம்ம கோர்ட்டும் சும்மா இருக்கல. 1980 நவம்பர்ல அஜய் ஹாசியா வழக்குன்னு ஒரு தீர்ப்பு. ஸ்ரீநகர் ரீஜனல் இன்ஜினியரிங் காலேஜ் அட்மிஷன் பத்துனது. எழுத்துத் தேர்வுக்கு 100 மார்க், நேர்முகத்துக்கு 50. ஒவ்வொரு பையன்கிட்டயும் ரெண்டு மூணு நிமிஷம் பேசிட்டு, அதுவும் அப்பா யாரு, வீடு எங்கன்னு கேட்டுட்டு, 50-க்கு மார்க் போட்டாங்கன்னு புகார். நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல மார்க் வெச்சா அது தன்னிச்சையானதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. அதோட நிறுத்தல. நேர்முகத்தை டேப்ல பதிவு பண்ணி வெச்சா நல்லதுன்னும் சொல்லுச்சு. கவனிங்க, டேப் ரெக்கார்டர் காலத்துல! 1985-ல அசோக் குமார் யாதவ் வழக்குல, அரசுப் பணித் தேர்வுக்கு நேர்முக மார்க் 12.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு இன்னும் இறுக்குனாங்க.

2016 ஜனவரி 1-ல இருந்து மத்திய அரசோட சி, டி பிரிவு வேலைகளுக்கும், கெசடட் அல்லாத பி பிரிவு வேலைகளுக்கும் நேர்முகத் தேர்வே கிடையாதுன்னு எடுத்துட்டாங்க. ஐ.ஏ.எஸ். தேர்வுல கூட மொத்தம் 2025 மார்க்ல நேர்முகம் 275 தான். கணக்குப் போட்டா 13.6 சதவீதம். எங்க கம்பெனி ஸ்கோர் ஷீட்ல 'பெர்சனாலிட்டி' மட்டுமே 20 சதவீதம். ஒரு மாவட்டத்தை ஆளப் போற கலெக்டருக்கு எவ்வளவு பெர்சனாலிட்டி வேணுமோ, அதை விட அதிகமா ஜாவா எழுதுறவனுக்கு வேணுமாம்.

"மனுஷன் தானே பாகுபாடு பாக்குறான், இனிமே ஏ.ஐ. எடுக்கும், பிரச்சனை தீர்ந்துச்சு"ன்னு என் துறை ஆளுங்களே சொல்லுறாங்க. அவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஹயர்வியூன்னு ஒரு அமெரிக்க கம்பெனி, வீடியோ இண்டர்வியூவுல முகத்தை அலசி மதிப்பெண் போடுற வசதி வெச்சிருந்தாங்க. எதிர்ப்பு கிளம்புனதும் அதைக் கைவிட்டுட்டோம்னு 2021 ஜனவரியில அறிவிச்சாங்க. அதே வருஷம் ஜெர்மனியில பவேரியா ஒலிபரப்பு நிறுவனத்து பத்திரிகையாளர்கள் இந்த மாதிரி இன்னொரு மென்பொருளைச் சோதிச்சுப் பாத்தாங்க. கண்ணாடி போட்டா ஒரு மார்க், தலையில முக்காடு போட்டா ஒரு மார்க், பின்னாடி புத்தக அலமாரி இருந்தா இன்னொரு மார்க்! நம்ம கெட்ட பழக்கத்தை மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தா அது நம்மள விட வேகமாச் செய்யும், அவ்வளவு தான். ஐரோப்பாவுல வேலை பாக்குற இடத்துல ஆளோட உணர்ச்சியை ஏ.ஐ. வெச்சுக் கணிக்கிறதை 2025 பிப்ரவரியில இருந்து தடை பண்ணிட்டாங்க.

அப்ப என்ன தான் பண்ணணும்? பெரிய புரட்சி எல்லாம் வேணாம். நாலே விஷயம்.

1. பெர்சனாலிட்டி கட்டத்தைக் கிழிச்சுப் போடுங்க. அதுல உண்மையிலேயே வேலைக்குத் தேவையானது ஏதாவது இருந்தா அதுக்குப் பேர் வையுங்க. 'விளக்கிச் சொல்லும் திறன்'னு எழுதுங்க, ஒத்துக்கிறேன். பேர் வைக்க முடியாத எதுக்கும் மார்க் போடாதீங்க.

2. முதல் ரவுண்டுல முகமே வேணாம். வேலையை மாதிரியே ஒரு சின்ன வேலை கொடுத்து, பேர், போட்டோ, ஊர் எதுவும் தெரியாமத் திருத்துங்க. நியூட்ரினோவைப் பிடிக்க எதுக்கு எங்க ஊர் மலையைத் தேடி வந்தாங்க? மேல இருந்து வந்து விழுற மத்த துகள்களை எல்லாம் பாறை தடுத்தாத் தான், தேடுறது கண்ணுல படும். அதுக்காகச் சுத்திலும் ஒரு கிலோமீட்டர் பாறை வேணும்னு கேட்டாங்க. நமக்கு அவ்வளவு வேணாம். ஒரு படுதா போதும்.

3. எல்லாருக்கும் ஒரே கேள்வி. ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு வரி காரணம். அந்த வரியைத் தேர்வுக்கு வந்தவர் படிச்சாலும் வெக்கப்படாத மாதிரி எழுதணும். 'பல் எத்தல், அதனால 4'ன்னு என்னால எழுதியிருக்க முடியுமா? கை கூசியிருக்கும். காரணம் எழுதத் தேவை இல்லாததால தான் 4 போட முடிஞ்சுது.

4. கோர்ட் 1980-ல சொன்னதைச் செய்யுங்க. பதிவு பண்ணி வையுங்க. இப்ப இண்டர்வியூவே பாதி வீடியோவுல தானே நடக்குது.

சரி, நான் என்ன பண்ணேன்? திங்கக்கிழமை ஆபீஸ் வந்ததும் ஹெச்.ஆருக்கு மெயில் போட்டேன். என் மார்க் தப்பு, திருத்துறேன், அந்தப் பொண்ணைத் திரும்பக் கூப்பிடுங்கன்னு எழுதுனேன். 'இந்த முறைக்கான தேர்வு முடிந்துவிட்டது, உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு பதில் வந்துச்சு. மேலாளர்கிட்ட நேர்ல போய்ப் பேசுனேன். "ரொம்ப உணர்ச்சிவசப்படாத, அடுத்த தடவை பாக்கலாம்"னார். அந்தக் கட்டத்தை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். "பரிசீலிக்கிறோம்"னாங்க. அரசாங்க ஆபீஸ்ல மட்டும் தான் இந்த வார்த்தை இருக்கும்னு நினைச்சிருந்தேன்.

அதுக்கப்புறம் இன்னொரு நாள் பேனல்ல உக்காந்தேன். அஞ்சாவது கட்டத்துல எல்லாருக்கும் ஒரே மாதிரி 5 போட்டு, பக்கத்துல 'இதை எப்படி அளப்பதுன்னு எனக்குச் சொல்லித் தரப்படவில்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒம்போது பேருக்கும் அதே வரி. இனிமே என்னைப் பேனலுக்குக் கூப்பிடுவாங்களான்னு தெரியல. நீங்க பேனல்ல உக்காருறவரா இருந்தா இதையாவது செய்யலாம். பெருசா ஒண்ணும் ஆபத்து இல்லை.

அந்தப் பொண்ணுக்கு வேற எங்கயாவது வேலை கிடைச்சிருக்கும்னு நம்புறேன். கிடைச்சிருந்தா அதுல எனக்கு ஒரு பங்கும் இல்லை. ஒருவேளை இதைப் படிச்சா ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சுக்கட்டும். அன்னைக்கு வந்த ஒம்போது பேர்ல அந்த லூப்பைக் கண்டுபிடிச்சது நீ ஒருத்தி தான்மா. 33 உன்னோட மார்க் கிடையாது.

உங்களுக்கு இந்த மாதிரி நடந்திருந்தாலோ, என்னை மாதிரி நீங்களும் யாருக்காவது 4 போட்டிருந்தாலோ பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டணும்னாலும் திட்டுங்க, வாங்கிக்கிறேன்.